கொடுத்தவர் தட்டு

1984 டிசம்பரில் தமிழ்நாட்டில் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நியூயார்க்கில், புரூக்ளின் டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் இருந்தார். அவருடைய அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். இங்கே சினிமாக் கொட்டகைகளில் 'ஒளிவிளக்கு' படப் பாட்டைப் போட்டு அழுதார்கள். கோயில், தர்கா, மாதா கோயில் என்று பாக்கியில்லாமல் வேண்டுதல். நான் கோவை அவினாசிலிங்கம் கல்லூரியில் உணவியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்த புதிது. சிறுநீரகப் பிரிவுச் சாப்பாடு என் பொறுப்பு. முதலமைச்சருக்கு என்ன ஆகாரம் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் தேடித் தேடிப் படிப்பேன், தொழில் ஆர்வம். கொடுத்த பெண்மணி என்ன சாப்பிடுகிறார், இனி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி படித்ததாக நினைவில்லை.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். லீலாவதி 2021 நவம்பர் வரை இருந்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஏறக்குறைய 37 ஆண்டுகள்.

எங்கள் வார்டில் நோயாளிக்கான சாப்பாட்டு அட்டை இரண்டு பக்கத்துக்கு இருக்கும். காயை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து வடிக்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளி, கீரை கூடாது. பருப்பு அளவோடு. தண்ணீர் டம்ளர் கணக்கு. கொடுத்தவருக்கு அட்டையே இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் 'நார்மல் டயட்' என்று டாக்டர் கிறுக்கியிருப்பார். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் அந்த 'நார்மல்' என்ன ஆகும் என்று டாக்டர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வருவார்கள். மனைவி கொடுத்தவர். ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து வந்தபோது, ஸ்டீராய்டு மாத்திரையில் கணவருக்குக் கன்னம் பூரித்திருந்தது. அந்த அம்மாவுக்கு ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவருக்கு ஆக்குறதுதான் மேடம். ஒரே அடுப்புல ரெண்டு சமையலா ஆக்க முடியும்? அவருக்கு ஆகாதது எனக்கும் ஆகாதுதான, ரெண்டு பேருகிட்டயும் ஒவ்வொரு கிட்னிதான இருக்கு?"

கணவர் டயாலிசிஸில் இருந்த காலத்து அட்டையைச் சோற்றுப் பருக்கையால் அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்களாம். மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு கணவருக்கே அதில் பாதி தேவையில்லை. மனைவிக்கு அது என்றைக்குமே தேவைப்படவில்லை. வடித்துக் கொட்டிய காயையும் பருப்பில்லாத ரசத்தையும் சாப்பிட்டுக்கொண்டு, நாற்று நடவுக்கும் போய்க்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் செய்த அதே குழப்பத்தை மருத்துவமும் வெகுகாலம் செய்தது. கெட்டுப்போன சிறுநீரகத்துக்காகக் கண்டுபிடித்த பத்தியத்தை, நல்ல சிறுநீரகம் ஒன்றோடு இருப்பவருடைய தட்டில் கொண்டுவந்து வைத்தது. கொடுத்தவருக்கென்று ஒரு தட்டு வருவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

அந்தப் பத்தியத்தின் பூர்வீகம் சுவாரசியமானது. ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ஆடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். நோய்ப்பட்ட சிறுநீரகத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், புரதம் அதற்குச் சுமை என்பது அவர் கட்சி. 1941-ல் வேதியியலாளர் லினஸ் பாலிங் முகமும் உடம்பும் வீங்கிப்போய் அவரிடம் வந்தார். உப்பு அறவே கூடாது, புரதம் குறைவு, தண்ணீர் நிறைய என்றார் ஆடிஸ். பாலிங்கின் மனைவி ஆவா ஹெலன் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் நிறுத்து, அதில் எத்தனை கிராம் புரதம் என்று கணக்கெழுதிப் போட்டார். பாலிங் பிழைத்தார். இரண்டு நோபல் பரிசு வாங்கினார். 93 வயது வரை இருந்தார். உலகம் ஆடிஸைப் பாராட்டியது. நான் தராசு பிடித்த அம்மாவுக்கும் பாதிப் பங்கு கொடுப்பேன்.

அதே காலத்தில் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த மருத்துவர். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? சோறு. உப்பில்லாத சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. நாளுக்குப் புரதம் 20 கிராம் அளவில் நின்றுவிடும். பி.பி. மாத்திரைகள் ஒழுங்காக வந்திராத காலம் அது. வீங்கிய இதயம் எக்ஸ்ரேயில் சுருங்கியதையும், விழித்திரையில் ரத்தக்கசிவு வடிந்ததையும் படம் பிடித்துக் காட்டினார், நம்பாதவர்களும் நம்பினார்கள். சோற்றால் பி.பி. இறங்கியது என்று நம் ஊர்க்காரர் இதைப் படித்தால் குதூகலப்படுவார். வேலை செய்தது பெரும்பாலும் உப்பில்லாமைதான். நம் வீட்டுச் சோற்றில் உலை கொதிக்கும்போதே உப்பு விழுந்துவிடுகிறது. 1960-களில் இத்தாலியில் ஜியோர்தானோவும் ஜியோவனெட்டியும் இன்னும் கடுமையான குறைபுரதச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். டயாலிசிஸ் இயந்திரம் அரிதாக இருந்த அந்த நாளில் அது பலருடைய ஆயுளைக் கொஞ்சம் நீட்டியது.

இவர்கள் யாரும் தானம் கொடுத்தவரைப் பார்த்ததில்லை. எல்லாரும் நோயாளியைப் பார்த்து எழுதியவர்கள்.

ஒரு சிறுநீரகத்தோடு மனுஷர் இருக்க முடியுமா என்ற கேள்வி அதற்கும் முன்னால். ஹைடல்பர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர், சிறுநீர்க்குழாயில் புண்ணாகி ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் ஒன்றை எடுத்துவிடத் தீர்மானித்தார். முன்கூட்டித் திட்டமிட்டு யாரும் அதைச் செய்ததில்லை. முதலில் நாய்களுக்கு எடுத்துப் பார்த்தார், நாய்கள் ஒன்றோடு நன்றாகவே இருந்தன. 1869 ஆகஸ்ட் 2 அன்று ஆபரேஷன் நடந்தது. அந்தப் பெண்ணும் பிழைத்தாள். ஒன்று போதும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. எத்தனை வருஷத்துக்குப் போதும் என்பதுதான் தெரியவில்லை.

1952 கிறிஸ்துமஸ் சமயம் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் ஒரு தாய் தன் 16 வயது மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தார். உயரத்திலிருந்து விழுந்ததில் பையனுக்குச் சிறுநீரகம் சிதைந்து, அதை எடுத்த பிறகுதான் பிறவியிலேயே அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான் என்று தெரிந்தது. தாயின் சிறுநீரகம் சுமார் மூன்று வாரம் வேலை செய்தது, பிறகு உடம்பு அதை ஏற்கவில்லை, பையன் இறந்துபோனான். உலகம் பையனின் பெயரை மரியஸ் ரெனார் என்று எழுதி வைத்திருக்கிறது. அம்மா, மரியஸின் அம்மாவாகவே நின்றுபோனார்.

அப்புறம் பாஸ்டன். 1954 டிசம்பர் 23, பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை. ரிச்சர்ட் ஹெரிக் சாகக் கிடந்தார். ஒத்த இரட்டையரான ரொனால்ட், 23 வயது, தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். பொருத்தியவர் ஜோசப் மரே, பின்னால் 1990-ல் நோபல் பரிசு பெற்றவர். ரொனால்டிடமிருந்து எடுத்தவர் ஹார்ட்வெல் ஹாரிசன். முழு ஆரோக்கியமான ஒருவரை, அவருக்கு எந்த நன்மையும் இல்லாத ஆபரேஷனுக்குக் கத்தியின் கீழே கிடத்தும் பொறுப்பு ஹாரிசன் தலையில். மருத்துவர்கள் பாதிரியார்களைக் கேட்டார்கள், வழக்கறிஞர்களைக் கேட்டார்கள், காப்பீட்டு நிறுவனங்களின் ஆயுள் கணக்கர்களையும் கேட்டார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தால் வரும் கூடுதல் அபாயம், வேலைநாள்தோறும் சில மைல் கார் ஓட்டும் அபாயத்துக்குச் சமம் என்று பிறகு ஒரு கணக்குச் சொல்லப்பட்டு, அது வெகுகாலம் எல்லா மேடையிலும் ஓடியது.

ஆபரேஷனுக்கு முன்னால் ரொனால்ட் ஒரு கேள்வி கேட்டாராம், மரே பின்னாளில் நினைவுகூர்ந்தது. நான் கொடுத்துவிட்டால் என் ஆயுசுக்கும் என் உடம்பை இந்த ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளுமா? ஹாரிசன் உடனே அதெல்லாம் முடியாது என்றார். பிறகு, உனக்கு ஒன்று என்றால் இந்த அறையில் இருக்கும் யாராவது கைவிடுவோமா என்று அவரையே திருப்பிக் கேட்டார். அது நல்ல மனிதரின் நல்ல பதில். ஆனால் அது அந்த அறையில் இருந்தவர்களோடு முடிந்துபோகிற பதில். எழுதி வைத்த பதில் இல்லை. கொடுத்தவர் விஷயம் அன்றிலிருந்து பெருந்தன்மையை நம்பித்தான் ஓடியது.

ரிச்சர்ட் தன்னைக் கவனித்த நர்ஸையே கல்யாணம் செய்து, இரண்டு குழந்தை பெற்று, எட்டு வருஷம் வாழ்ந்தார். ரொனால்ட் கணக்கு வாத்தியாராகவும் விவசாயியாகவும் இருந்து, 2010 டிசம்பரில் 79 வயதில் இறந்தார்.

நம் பக்கத்தில் 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்ததைத்தான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று என்று சொல்வார்கள். அங்கிருந்து அது சென்னைக்குப் பரவி, எண்பதுகளில் ஊருக்கு ஊர் ஆள் வர ஆரம்பித்தார்கள். கொடுத்தவர்களில் பெண்கள்தான் அதிகம். அம்மா, மனைவி, அக்கா. கணவன் மனைவிக்குக் கொடுத்ததை வார்டில் எல்லாரும் தனியாகப் போய்ப் பார்ப்பார்கள்.

அன்றைய ஆபரேஷன் லேசானதில்லை. விலாவிலிருந்து முன்வயிறு வரை நீளக் கிழிப்பார்கள். பல சமயம் கடைசி விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். புண் ஆறியும் குளிர் நாளில் குத்தும், குனிந்தால் பிடிக்கும். சிலருக்கு அந்தப் பக்கம் வயிறு தளர்ந்து புடைத்துக்கொள்ளும். 'பாரம் தூக்கக் கூடாது' என்ற எச்சரிக்கை இங்கிருந்துதான் வந்தது. தையல் கெட்டியாகும் வரை, நாலு முதல் ஆறு வாரத்துக்குச் சொன்னது. ஊரில் அது ஆயுள் தண்டனை ஆகிவிட்டது. குடம் தூக்காதே, சைக்கிள் மிதிக்காதே, மாடிப்படி ஏறாதே. கல்யாணச் சந்தையில் கொடுத்த பையனுக்கு 'பாதி உடம்புக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்து எடை ஏறி, அந்த எடையால் பி.பி. வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1995-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாகக் கொடையாளிக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தார்கள். அதற்கப்புறம் சின்னத் துளைகள்தான், சில நாளில் வீடு. எச்சரிக்கை மட்டும் பழைய கிழிசல் காலத்திலேயே நிற்கிறது.

1982-ல் ஒரு கட்டுரை வந்து எங்கள் துறையைக் கலக்கியது. பாஸ்டனில் பேரி பிரென்னரும் அவர் கூட்டாளிகளும் எழுதியது. எலிகளின் சிறுநீரகத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டால், மிஞ்சிய சல்லடைகள் அளவுக்கு மீறி வேலை செய்து, அந்த உழைப்பாலேயே தழும்பேறிக் கெடுகின்றன. புரதம் அதிகம் கொடுத்தால் சீக்கிரம் கெடுகின்றன. எலிக்குச் சரி. ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்கும் மனிதருக்கு? மிச்சம் இருக்கும் சிறுநீரகம் கொஞ்சம் பெருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தானே செய்ய ஆரம்பிக்கிறது. அந்தப் பெருமுயற்சியே அதற்கு எமனாகுமா? நியாயமான பயம். அந்தப் பயத்தில் சில டாக்டர்கள் கொடுத்தவர்களுக்கும் புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

அமெரிக்கரிடம் புரதம் குறை என்றால் ராத்திரி மாட்டிறைச்சித் துண்டு சிறிதாகும். நம்மிடம் சொன்னால் பருப்பு போய்விடும், முட்டை போய்விடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எடைக் கிலோவுக்கு 0.8 கிராம் வீதம் 48 கிராம் புரதம் வேண்டும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டை நிறுத்துப் பார்த்தால், கால் கிலோ அரிசியில் 17 கிராம், ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11, ஒரு டம்ளர் பாலில் 7, ஒரு முட்டையில் 6, கொஞ்சம் மோரில் 3. ஆக 44. குறைப்பதற்கு என்ன இருக்கிறது? பருப்பையும் முட்டையையும் எடுத்தால் மிஞ்சுவது 27, திருக்கோவிலூர் அம்மாவின் தொளதொள ரவிக்கை. கொடுத்தவர் வழக்கமான புரதத்தைச் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். வேண்டாதது ஜிம்முக்குப் போகிற பையன்கள் டப்பா டப்பாவாகக் கரைத்துக் குடிக்கும் மாவு.

எலி கிளப்பிய பயத்தைத் தணித்தவர்கள் பழைய சிப்பாய்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டடி பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்த 62 அமெரிக்க வீரர்களைத் தேடிப்பிடித்து, 45 வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வு 1993-ல் வந்தது. மற்ற வீரர்களைவிட அவர்கள் சீக்கிரம் சாகவில்லை. யாரும் அவர்களுக்குப் பத்தியம் எழுதிக் கொடுத்திருக்கப் போவதில்லை. 2009-ல் மினசோட்டா பல்கலைக்கழகம் 1963 முதல் 2007 வரை தன்னிடம் கொடுத்த 3,698 பேரின் கணக்கை வெளியிட்டது. அவர்களில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் 11 பேர்தான். எல்லாரும் பெருமூச்சு விட்டோம்.

அந்தக் கணக்குகளில் சேராத ஒரு கூட்டம் எங்கள் சென்னையில் இருந்தது. எண்பது, தொண்ணூறுகளில் வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று பத்திரிகைகள் எழுதின. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க, குடும்பத்துப் பெண் போய் விற்றுவிட்டு வருவாள். 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைக் குற்றமாக்கியது. ஆனாலும் நிற்கவில்லை. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற விஷயம் 2025-லும் செய்தியானது. 2002-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பேட்டி கண்ட ஆய்வு வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். குடும்ப வருமானம் விற்ற பிறகு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். பாஸ்டனிலும் மினசோட்டாவிலும் கொடுத்தவர்களுக்குச் செய்த அதே ஆபரேஷன்தான். எடுத்தபின் ஒரு மாதம் படுக்க முடியாதவர்கள், மறுபரிசோதனைக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தவர்கள், நல்லபடியாக வடிகட்டிப் பொறுக்கப்படாதவர்கள் இவர்கள். இவர்களிடம் போய்ப் பழம் சாப்பிடு, நடைப்பயிற்சி செய் என்று எந்த வாயால் சொல்வது?

2014-ல் இன்னும் நியாயமான கணக்கு வந்தது. அதுவரை கொடுத்தவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். கொடுத்தவர்களோ ஆயிரம் சோதனை செய்து பொறுக்கி எடுக்கப்பட்ட திடகாத்திரமானவர்கள், பொதுமக்களைவிட அவர்கள் நன்றாக இருப்பதில் என்ன அதிசயம்? இந்த முறை, அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களோடு வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கக் கணக்கின்படி, ஆயுளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு கொடுத்தவர்களில் 10,000-க்கு 90, கொடுக்காத ஆரோக்கியவான்களில் 14, சாதாரண மக்களில் 326. பல மடங்கு என்று அலறுவதற்கும் இதில் இடமிருக்கிறது, 10,000 பேரில் 9,910 பேருக்கு வராது என்று சொல்லவும் இடமிருக்கிறது. நான் இரண்டையும் சொல்லித்தான் அனுப்புவேன். மறு வருஷம் கனடாவிலிருந்து இன்னொன்று: கொடுத்த பிறகு கருவுற்ற பெண்களில் 11 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் கடுமையான வடிவமோ வந்தது, கொடுக்காதவர்களில் 5 சதவீதம். தாய்க்கோ தம்பிக்கோ கொடுக்க வரும் கல்யாணமாகாத பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2017-ல் உலக அளவில் ஒரு வழிகாட்டு நெறி வெளியாகி, கொடுத்தவரை ஆண்டுக்கொரு முறையாவது பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ரொனால்ட் கேட்டு 63 வருஷம்.

அப்படியானால் கொடுத்தவரின் தட்டில் என்ன மாற வேண்டும்? ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சாதாரணமான விஷயங்கள். மிச்சமிருக்கும் ஒன்றைக் கெடுப்பவை பி.பி., சர்க்கரை, பருமன், புகை. நம் ஊரில் சிறுநீரகம் பெற்றவருக்கு நோய் வந்ததே பல நேரம் சர்க்கரையால்தான். கொடுப்பவர் ரத்த உறவு என்றால் மரபு ஒன்று, மனைவி என்றால் அடுக்களை ஒன்று. அதே எண்ணெய், அதே உப்பு.

உப்பு எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாரும் 'கம்மியாத்தான்' என்பார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வீட்டில் எத்தனை நாளைக்கு வருகிறது? ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் என்று வைத்தால், நாலு பேர் வீட்டில் 50 நாள் வர வேண்டும். "மாசத்துக்கு ஒண்ணரைப் பாக்கெட் மேடம்" என்று வெள்ளந்தியாகப் பதில் வரும். சோற்றில் உப்பு, சாம்பாரில், ரசத்தில், மோரில், பொரியலில் தனித்தனியே உப்பு. அதன்மேல் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. சோற்று உலையில் உப்புப் போடுவதை மட்டும் நிறுத்தினால் நாக்கு ஒரு மாதம் முனகிவிட்டு அடங்கிவிடும். இந்துப்பு நல்லது என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள், அதுவும் உப்புதான்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பாட்டி சொன்னது: "ஒத்தக் கிட்னிதானே, அதைக் கழுவிக்கிட்டே இருக்கணும்ல." நாளுக்கு ஏழெட்டு லிட்டர் குடித்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடந்துகொண்டிருந்தார். தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் வெளிர்நிறத்தில் போனால் போதும். வெயிலில் வேலை செய்பவருக்கு அதற்கேற்பக் கூடுதல். பேதியோ வாந்தியோ வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது, உடம்பு வறண்டால் அடி வாங்குவது அந்த ஒன்றுதான்.

நான் தட்டைவிட அதிகம் பயப்படுவது மெடிக்கல் கடையை. ஸ்வீடனில் ஹுஸ்க்வர்னா என்ற தொழிற்சாலை நகரம். 1918 விஷக்காய்ச்சல் சமயத்தில் யோர்டன் என்ற டாக்டர் தொழிலாளர்களுக்கு ஒரு தலைவலிப் பொடி எழுதிக் கொடுத்தார், ஃபினாசிட்டினும் காபியில் இருக்கும் கஃபீனும் கலந்தது. காய்ச்சல் போயும் பொடி போகவில்லை. தெம்பாக இருக்கிறது, வேலை ஓடுகிறது என்று தினமும் போட்டார்கள். பிறந்தநாள் பரிசாகக் கூடப் பொடிப் பொட்டலத்தைக் கொடுத்தார்களாம். நாற்பது வருஷம் கழித்து அந்த ஊரில் சிறுநீரகம் கெட்டுச் சாகிறவர்கள் ஏன் இத்தனை பேர் என்று விசாரித்தபோதுதான் பொடி சிக்கியது. ஃபினாசிட்டின் இப்போது இல்லை. அந்த இடத்தில் நம் ஊரில் 'உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்கண்ணே' என்றால் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைச் செட் இருக்கிறது. அதில் டைக்ளோஃபெனாக்கோ, ஐபுப்ரூஃபெனோ, இரண்டில் ஒன்று இருக்கும். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வழியை அது சுருக்கிவிடும். இரண்டு உள்ளவர் சமாளிப்பார். நடவுக்கும் தறிக்கும் போகிற ஒற்றைச் சிறுநீரகக்காரர் வாரத்தில் நாலு நாள் அதைப் போட்டால், நான் பார்த்துப் பார்த்து எழுதிய சாப்பாட்டு அட்டை எதற்கு ஆகும்? வலிக்குப் பாரசிட்டமால், அதுவும் அளவோடு, டாக்டரைக் கேட்டு.

பச்சிலையும் அப்படியே. சித்த வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் தாத்தாவே நாடி பார்த்தவர். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடம்பு மெலிவதற்கான ஒரு மருத்துவமனையில் மூலிகை மாறிப்போய் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. மாறி வந்த அந்த மூலிகையின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும். புழுவுக்கும் பாம்புக்கடிக்கும் பேர்போன செடிகள், கொடுத்தவருக்கு ஆகாது. கொழுப்புக் குறைய என்று பிலிம்பிக்காயைச் சாறாகப் பிழிந்து குடித்துச் சிறுநீரகம் அடைத்துக்கொண்டவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். வாழைத்தண்டைப் பொரியலாக எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்.

கொடுத்தவருக்குக் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு, முன்பு 0.8 இருந்தால் பிறகு 1.1, 1.2 என்று நிற்கும். லேப் சீட்டில் சில சமயம் அதைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுவார்கள். ஊர் டாக்டர் அதைப் பார்த்து 'கிட்னி போச்சு' என்று கிளப்பிவிட, பழையபடி காயை வடித்துக் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் கொடுத்த பிறகு உங்கள் எண் எதில் நிலைத்தது என்று எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்த எண்ணிலிருந்து ஏறினால்தான் பயம். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வாசலுக்கு வரும் அந்தப் பெண்ணிடம் முதல் வார்த்தையாக 'நான் கிட்னி குடுத்தவ' என்று சொல்லிவிட வேண்டும். மெடிக்கல் கடைக்காரரிடமும் சொல்லிவிட வேண்டும். மிச்சம் இருப்பது ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், வருஷத்துக்கு ஒரு தடவை. அரசு ஆஸ்பத்திரியில் அதற்குப் பெரிய செலவில்லை. காலையில் போய் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். என்னிடம் வந்துகொண்டிருந்து பாதியில் நின்றுபோனவர்கள் பெரும்பாலும் அந்தக் கூலிக்காக நின்றவர்கள்.